ஐந்து பேர் என்று நான் சொன்னேன்

போன மாதம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தோட்டங்களில் மண்சரிவு வந்தால் உதவிக்குப் போவதற்கு இளைஞர், யுவதிகளைச் சேர்த்துக் குழு அமைத்திருக்கிறார்கள். நல்ல வேலை. அதற்கு இரண்டு நாள் பயிற்சி. அதில் அரை மணி நேரம் எனக்கு. தலைப்பு, 'இராணுவ சேவை கற்றுத்தரும் தலைமைத்துவப் பண்புகள்.' பேச வேண்டியதை அவர்களே தாளில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். துணிவு, தன்னம்பிக்கை, தெளிவான குரல் என்று பத்து வரிகள் இருந்தன.

மூன்றாவது வரியோடு தாளை மடித்து வைத்துவிட்டேன். "இதெல்லாம் என்கிட்ட நிறையவே இருந்திச்சி. அத வச்சிக்கிட்டுத்தான் ஒரு ஆள மண்ணுக்குள்ள விட்டுட்டு வரப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஏற்பாட்டாளருக்கு முகம் செத்துப் போனது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஏழெட்டுப் பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "முழுசா சொல்லுங்க அங்கிள்" என்றார்கள். எனக்கு வாயால் சொல்லிப் பழக்கமில்லை. நடுவில் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நான் கொட்டகலைப் பக்கத் தோட்டமொன்றில், லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன். என் பெயர் சிவலிங்கம். இராணுவத்தில் பொறியியல் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். சார்ஜன்டாக ஓய்வு பெற்றேன். யுத்த காலத்தில் ஒரு தமிழன் ஏன் அதில் சேர்ந்தான் என்று கேட்பீர்கள். வேலை இல்லை, சம்பளம் இருந்தது, சேர்ந்தேன். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. முகாமில் என்னைத் தமிழன் என்றார்கள். லீவில் ஹட்டன் பஸ் நிலையத்தில் இறங்கினால் வெற்றிலைக் கடைக்காரர், "வாங்க தம்பி, இந்தத் தடவ யார சுட வந்தீங்க?" என்பார். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நான் சுட்டதைவிடத் தோண்டியதுதான் அதிகம். பாலம் போட்டோம், கிணறு வெட்டினோம், யுத்தம் முடிந்த பிறகு வடக்கில் கண்ணிவெடி எடுத்தோம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் ஓடினோம், திட்டு வாங்கினோம். எனக்குச் சிங்களம் வந்ததே அந்தத் திட்டில்தான்.

சொல்ல வேண்டியது கப்டன் ரணவீரவைப் பற்றி. கண்ணிவெடி வேலையில் நான்கு வருடம் அவருக்குக் கீழ் இருந்தேன். ஒல்லியான ஆள். மெதுவாகத்தான் பேசுவார். பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும். அவர் வாயைத் திறந்தால் நாங்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வோம். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் என்ன அறிக்கை கொண்டுவந்தாலும் ஒரே கேள்விதான்: "பார்த்தாயா, கேட்டாயா?" கேட்டது என்றால் கோபப்பட மாட்டார். "சரி, போய்ப் பார்த்துவிட்டு வா" என்பார். பார்த்தேன் என்று பொய் சொன்னவனை மட்டும் அடுத்த நாள் வேலைக்குச் சேர்க்க மாட்டார்.

ஒரு பாதையில் வெடி இல்லை என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதைச் சுத்தம் செய்தவன் முதல் ஆளாக நடக்க வேண்டும். அவன் பின்னால் இரண்டாவது ஆளாகக் கப்டன் நடப்பார். கட்டளைப் புத்தகத்தில் அப்படி இல்லை. அவராக வைத்துக்கொண்டது. நான் நடந்த நாட்களில் முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு எனக்குக் கேட்கும். என் கை எவ்வளவு கவனமாக வேலை செய்திருக்க வேண்டும் என்பதை அந்த மூச்சுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

அதன் பிறகு எங்கள் அணியை மலையகத்துக்கு மாற்றினார்கள். அந்த வருடம் மழை விடவே இல்லை. ஒரு நாள் காலை தோட்டமொன்றில் மண் சரிந்து லயத்தை மூடிவிட்டது என்று செய்தி வந்தது. அந்தத் தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

லொறியில் போகும்போது கோப்ரல் பண்டார என் விலாவில் இடித்தான். "லிங்கம், உன் சொந்தக்காரர்கள் வீட்டுக்குத்தானே போகிறோம், தேத்தண்ணி கிடைக்குமா?"

"கிடைக்கும். உன் மூஞ்சிக்குச் சீனி போட மாட்டார்கள்" என்றேன்.

உள்ளுக்குள் எனக்குப் பெருமை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அணியில் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. மொழி தெரிந்தவன் நான். இடம் தெரிந்தவன் நான். கப்டனே, "இது உன் ஊர். ஆட்களிடம் பேசிக் கணக்கெடுப்பது உன் பொறுப்பு" என்றார்.

பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை என்று, கொண்ட லயம். கடைசி நான்கு மண்ணுக்குள் இருந்தன. காலைப் பெரட்டுக்கு ஆட்கள் போயிருந்த நேரத்தில் சரிந்திருக்கிறது. பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற கூட்டம். அதற்குப் போகாமல் வீட்டில் இருந்தவர்கள்தான் அகப்பட்டார்கள். நாங்கள் போகும்போது ஒன்பது மணி இருக்கும்.

இப்படியான இடத்தில் வேலை முறை இதுதான். முதலில் மேலே போய் ஊற்றுத் தண்ணீரை வேறு பக்கம் வெட்டி விட வேண்டும். இரண்டாவது, மலையைப் பார்க்க ஓர் ஆள், கையில் விசில். ஒரு விசில் என்றால் எல்லோரும் வேலையை நிறுத்திச் சத்தமில்லாமல் நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் ஓட வேண்டும். மூன்றாவது, உள்ளே யார், எத்தனை பேர், எந்தக் காம்பரா என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் மண்வெட்டி. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு விசில் அடித்து, உள்ளே இருக்கிறவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, மண்ணில் காதை வைத்துக் கேட்க வேண்டும். பாதை உடைந்திருந்ததால் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வரவில்லை. எல்லாம் கையால்தான்.

மூன்றாவது வேலையில்தான் நான் சறுக்கினேன்.

தப்பியவர்களைப் பிள்ளைக் காம்பராவில் வைத்திருந்தார்கள். அது தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். நான் அங்கே போய் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னேன். கண்டாக்கைக் கூப்பிட்டேன். அதாவது அந்த மலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர். அவரிடம் தொழிலாளர்களின் பெயர்ப் பதிவான செக்ரோல் இருந்தது, குழந்தைகளின் பெயர்ப் புத்தகமும் இருந்தது. அவரை என் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பெயராக வாசிக்க வைத்தேன். இருக்கிறவர்கள் "இருக்கேங்க" என்றார்கள். நான்கு காம்பராக்களுக்கும் சேர்த்துப் பதினான்கு பெயர்கள். ஒன்பது பேர் இருந்தார்கள். ஐந்து பேர் இல்லை.

"வேற யாரும் உள்ள இருக்காங்களா?" என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை.

கப்டனிடம் போய் "ஐந்து பேர்" என்றேன்.

"பார்த்தாயா, கேட்டாயா?"

"பார்த்தேன் சேர். புத்தகத்தைப் பார்த்தேன், ஆட்களையும் பார்த்தேன். நான் லயத்தில் பிறந்தவன், எனக்குத் தெரியும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த ஒரு நாள் அவர் "போய்ப் பார்த்துவிட்டு வா" என்று சொல்லவில்லை.

ஒன்பது, பத்து, பதினொன்றாம் காம்பராக்களில் தோண்டினோம். கோடியில் இருந்த பன்னிரண்டாம் காம்பராவில் என் கணக்குப்படி யாரும் இல்லை. அங்கே சரஸ்வதி என்று ஒரு பெண், புருஷன் இறந்தவர், இரண்டு மகள்களோடு இருந்தார். மூன்று பேரும் தப்பி வெளியே நின்றார்கள். அந்த சரஸ்வதி இரண்டு தடவை மேலே ஏறி வந்து, தன் காம்பராவின் பின்பக்கத்தில் வெறுங்கையால் மண்ணைப் பறித்தார். மலை எந்த நேரமும் மறுபடி சரியலாம். நான் ஆள் விட்டுக் கீழே இறக்கினேன். இரண்டாவது தடவை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், எங்க காம்பராவையும் கொஞ்சம் தோண்டுங்க சார்."

"அங்க யாரு இருக்கா? நீங்க மூணு பேரும் வெளிய நிக்கிறீங்க. சட்டி பானைக்கா ஆர்மி தோண்டணும்?"

பக்கத்தில் கண்டாக்கு நின்றார். சரஸ்வதி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை விட்டார்.

இரண்டு மணிக்கு ஐந்தாவது ஆளை எடுத்தோம். மூன்று பேர் உயிரோடு, இரண்டு பேர் பிணமாக. மேலே மலையில் வெடிப்பு ஓடியிருப்பதாக விசில்காரன் சொன்னான். வேறொரு இடத்துக்கும் எங்களைக் கூப்பிட்டார்கள். "எண்ணிக்கை சரி, வேலை முடிந்தது" என்று நான் அறிக்கை கொடுத்தேன். கப்டன் கிளம்பச் சொன்னார். எல்லோரும் கேட்கும்படி நான் கத்தினேன், தமிழிலும் சிங்களத்திலும்: "முடிஞ்சிருச்சி! சாமான ஏத்துங்க! லொறியில ஏறுங்க!" எனக்குப் பெரிய குரல். அந்த மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

லொறிக்குப் பக்கத்தில் கண்டாக்கும் நின்றார். சரஸ்வதி மறுபடி வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"சார், எங்க காம்பராவுக்குப் பின்னால சாய்ப்புல ஒரு நாய் கட்டிக் கிடந்திச்சி சார். அதையாச்சும் எடுத்துக் குடுங்க சார்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ரெண்டு பொணம் கெடக்குது, ஒனக்கு நாய் கேக்குதா? போம்மா அந்தப் பக்கம்!"

கப்டனுக்குத் தமிழ் தெரியாது. முன் சீட்டில் ஏறப் போனவர் காலை இறக்கினார். "என்ன கேட்கிறார்?"

"நாய் சேர். நாயைத் தோண்டி எடுக்க வேண்டுமாம்."

அவர் சரஸ்வதியின் கைகளைப் பார்த்தார். நகங்களில் ரத்தம் இருந்தது. நான் காலையிலிருந்து அந்தக் கைகளைப் பார்க்கவே இல்லை. கப்டன் திரும்பி, கண்டாக்கிடம் மரியாதையாக, "நீங்கள் கீழே பாதைக்குப் போய் அம்புலன்ஸ் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள்" என்றார். கண்டாக்கு போகும் வரை காத்திருந்தார். தொப்பியைக் கழற்றினார். மண் மூட்டை ஒன்றில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"இப்போது கேள். மெதுவாகக் கேள்" என்றார்.

நான் கேட்டேன். "அக்கா, யாரு உள்ள?"

"எங்கண்ணன் சார். முருகையா. பேரு இல்லாத ஆளு சார்."

மூன்று வருடத்துக்கு முன்னால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோ வெட்டியதற்காக, எடையைக் குறைத்து எழுதியதற்காக, முருகையா கண்டாக்கின் சட்டையைப் பிடித்திருக்கிறார். செக்ரோலில் பெயரை வெட்டிவிட்டார்கள். லயத்தில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். கொழும்பில் கடையில் வேலை செய்து, உடம்புக்கு முடியாமல் ஒரு மாதத்துக்கு முன்னால் திரும்பி வந்து, தங்கச்சியின் காம்பராவுக்குப் பின்னால், சுவரோடு தகரம் சாய்த்துப் போட்ட சாய்ப்பில் ஒளிந்திருந்தார். வெளியாளை வைத்திருந்தால் காம்பராவைப் பறித்துவிடுவார்கள். லயம் முழுக்க விஷயம் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சரஸ்வதியைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று.

"வரிசையா நிக்க வச்சி, கண்டாக்கையா பேரு வாசிக்கிறப்ப எப்படி சார் சொல்றது? எங்க காம்பராவுக்கும் வருவீங்க, வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன் சார்."

என் அப்பாவும் இதே மாதிரி வரிசையில் நின்றவர்தான். பெரட்டில் யார் வாயைத் திறப்பார்கள், எதற்குத் திறப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சீருடை போட்டுக்கொண்டு நானே ஒரு பெரட்டு வைத்தேன். கண்டாக்கைப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டால் கண்டாக்கின் கணக்குத்தான் வரும். வெளியூர்ச் சிங்களச் சிப்பாய் யாராவது கைச்சாடையில் ஒவ்வொரு வீடாகக் கேட்டிருந்தால்கூட உண்மை வந்திருக்கும். ஊர் தெரிந்தவன் என்கிற திமிரில் நான் பிழை விட்டேன்.

கப்டனுக்குச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ரேடியோவை எடுத்து மேலதிகாரியிடம், "என் எண்ணிக்கை பிழை. இன்னும் ஓர் ஆள் உள்ளே இருக்கிறார். திரும்பப் போகிறேன்" என்றார். மலை வெடித்திருக்கிறது, போக வேண்டாம் என்று அந்தப் பக்கம் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. "ஆம் சேர், தெரியும் சேர், பொறுப்பு என்னுடையது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"சேர், பிழை என்னுடையது" என்றேன்.

"அதை நாளைக்குச் சொல். இப்போது தோண்டு."

அவர் யாருக்கும் கட்டளையிடவில்லை. விசிலை வாங்கிக்கொண்டு தானே வெடிப்புக்குக் கீழே போய் நின்றார். மண் வந்தால் முதலில் அவர் மேல்தான் வரும். லொறியில் இருந்து முதலில் குதித்தவன் பண்டார. "காலையிலிருந்து இந்த லயத்து ஆட்களின் தேத்தண்ணி நாலு கோப்பை குடித்துவிட்டேன் லிங்கம். சீனியும் போட்டிருந்தார்கள். எப்படிப் போவது?" என்றான். அவன் பின்னால் ஐந்து பேர் வந்தார்கள்.

ஒரு விசில். எல்லாம் அடங்கியது. நான் கூப்பிட வாயைத் திறந்தேன். கப்டன் மேலே இருந்து தலையை ஆட்டி, சரஸ்வதியைக் காட்டினார். அவரை மேலே கூட்டி வந்தேன்.

"அண்ணே! முருகையாண்ணே!"

ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டார். மண்ணில் காதை வைத்திருந்த பண்டார கையைத் தூக்கினான்.

இரண்டு மணி நேரம் தோண்டினோம். கூரைத் தகரம் ஒன்று மடங்கி, அதற்குக் கீழே இடைவெளி இருந்தது. முகம் தெரிந்தது. வாயில் இருந்த மண்ணை நான் விரலால் எடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தங்கச்சியைத்தான் பார்த்தார்.

"எம் பேரச் சொல்லிட்டியா புள்ள? காம்பராவப் புடுங்கிருவாங்களே."

"போனாப் போவுதுண்ணே" என்றார் சரஸ்வதி.

முருகையாவின் வலது கால் கூரை மரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நேரத்தோடு கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டொக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். என் முகத்துக்காகச் சொன்னாரா, உண்மையாகவே தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் நான் என் பிழையை எழுத்தில் கொடுத்தேன். கப்டன் வாசித்தார், தன் அறிக்கையோடு சேர்த்துக் குத்தி அனுப்பினார். அவர் அறிக்கையில் என் பெயர் இல்லை. 'எனது எண்ணிக்கை' என்றுதான் இருந்தது. அதற்காக அவருக்கு மேலிடத்தில் ஏச்சு விழுந்தது. பிறகு அவர் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையைப் பார்க்கப் போனார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. சரஸ்வதியை யாரும் காம்பராவுக்காகத் தொந்தரவு செய்யவில்லை என்பது மட்டும் தெரியும்.

தலைமைத்துவம் கேட்ட பிள்ளைகளுக்கு என்னிடம் பத்து வரி கிடையாது. நாளைக்கு நீங்கள் ஒரு லயத்துக்கு ஓடுவீர்கள். ஆட்களை வரிசையில் நிற்க வைக்காதீர்கள். பட்டியலை வாங்குங்கள், ஆனால் பட்டியல் வைத்திருப்பவரைத் தூர அனுப்பிவிட்டுப் பெண்களிடம் தனித்தனியாக, உட்கார்ந்து கேளுங்கள். "யார் பேரு இருக்கு" என்று கேட்காதீர்கள். "ராத்திரி யார் யாருக்குச் சோறு போட்டீங்க" என்று கேளுங்கள். உங்களுக்குக் கீழே இருப்பவன் பிழை விட்டால், மற்றவர்கள் முன்னால் அதை உங்கள் பிழையாக எடுங்கள். அது லேசு இல்லை. எனக்கு அதற்குப் பிறகு பத்துப் பேர் கீழே இருந்தார்கள். மூன்று தடவைதான் என்னால் அப்படிச் செய்ய முடிந்தது. மற்ற நேரமெல்லாம் கத்தினேன்.

பத்து நாள் கழித்து முருகையாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீருடை இல்லாமல், சாரமும் சட்டையுமாகப் போனேன். ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் மால்ட் டின் ஒன்றும் கொண்டுபோனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு ஆள் கணக்கு சரின்னு சொல்லி கிளம்பச் சொன்னது நான்தான்."

"தெரியும்" என்றார். "ஒங்க குரலு அடையாளம் தெரியுது. முடிஞ்சிருச்சி, லொறியில ஏறுங்கன்னீங்க. உள்ளுக்குக் கேட்டிச்சி."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். "கேட்டிச்சின்னா ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே அண்ணே!"

"குடுத்தேனே. நீங்க கத்திக்கிட்டிருந்தீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பிறகு அவர், "அந்தத் தலகாணியக் கொஞ்சம் ஏத்தி வைங்க தம்பி, கழுத்து வலிக்குது" என்றார்.

ஏற்றி வைத்தேன்.